கையை அளந்து மவுஸ் வாங்குங்கள்!

‘சித்த வைத்தியருக்கும் கம்ப்யூட்டர் மவுஸுக்கும் என்னய்யா சம்பந்தம்? சூரணம், லேகியம் பற்றி எழுதாமல் இவர் எதற்கு எலியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான்!

சம்பந்தம் இருக்கிறது. முன்பெல்லாம் மணிக்கட்டு வலி என்று என்னிடம் வருகிறவர்கள் யார் தெரியுமா? துணி பிழிந்து பிழிந்து கை ஓய்ந்த பெண்கள், தறி ஓட்டுகிறவர்கள், தையல்காரர்கள், டைப் அடிப்பவர்கள். இப்போது அதே பெஞ்சில் இருபது வயதுப் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். ‘என்ன தம்பி வேலை பார்க்கறே?’ என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாதான் பதில் சொல்கிறார்: ‘வேலை எங்க டாக்டர்... ராத்திரி பகலா கேம்தான்!’

உடனே ‘விளையாடவே விளையாடாதே’ என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. 2023ல் சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். காலம் அப்படி மாறியிருக்கிறது. பையனோ பெண்ணோ ‘வயர்லெஸ் கேமிங் மவுஸ் வாங்கிக் கொடுங்க’ என்று கேட்கும்போது வீட்டில் நடக்கும் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: ‘விலை என்ன?’ கேட்க வேண்டிய முதல் கேள்வி அது இல்லை. ‘உன் கை எவ்வளவு நீளம்?’ என்பதுதான் முதல் கேள்வி!

மணிக்கட்டுக்குள் என்ன இருக்கிறது?

சித்த மருத்துவத்தில் ‘மணிக்கடை நூல்’ என்று ஒரு பரிசோதனை உண்டு. மணிக்கட்டிலிருந்து நான்கு விரற்கடை மேலே ஒரு நூலைச் சுற்றி அளவெடுப்போம். பிறகு அந்த நூலை, வைத்தியரின் விரலால் அல்ல, நோயாளியின் விரலாலேயே அளப்போம். காரணம், ஒவ்வொரு உடம்புக்கும் அதன் விரல்தான் அளவுகோல். ஊருக்கெல்லாம் ஒரே அளவு என்பது உடம்பு விஷயத்தில் செல்லாது. மவுஸ் வாங்கும்போதும் இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளும் தடித்த ஒரு பட்டையும் சேர்ந்த குறுகலான சந்து ஒன்று இருக்கிறது. அதன் வழியாகத்தான் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு ஒரு முக்கியமான நரம்பும் போகின்றன. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் முடுக்குச் சந்துக்குள் நுழைந்த மாதிரி நெருக்கடி! மணிக்கட்டை மேலே வளைத்தோ பக்கவாட்டில் ஒடித்தோ நெடுநேரம் வைத்திருந்தால் நெருக்கடி இன்னும் கூடும். மாட்டிக்கொண்டு நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி - இவை மரத்துப் போகும். தூக்கத்தில் எழுந்து கையை உதறிக்கொள்ளச் சொல்லும்.

மவுஸ் ஒன்றே இதற்குக் காரணம் என்று பழி போட முடியாது. சர்க்கரை வியாதி, தைராய்டு குறைவு, கர்ப்பகாலம் இவற்றிலும் இது வரும். ஆனால் தினமும் நாலு மணி, ஐந்து மணி நேரம், ஆயிரக்கணக்கான தடவை க்ளிக் செய்யும் கைக்குப் பொருந்தாத மவுஸ் ஒரு கூடுதல் சுமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அளப்பது எப்படி?

தையல் டேப் ஒன்றை எடுங்கள். கையை விரித்து மேஜை மீது வையுங்கள். மணிக்கட்டின் மடிப்பு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.6ஆல் பெருக்குங்கள். கை 18 சென்டிமீட்டர் என்றால், கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர். இது உங்கள் மவுஸின் நீளம். விளையாட்டுக்காரர்கள் புழங்கும் உத்தேசக் கணக்கு இது, வேதவாக்கு இல்லை. ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் யோசியுங்கள்.

அடுத்து, பிடி. மூன்று விதமாகப் பிடிக்கிறார்கள்.

உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படிந்திருப்பது ஒன்று. கைக்கு இதுதான் ஓய்வான பிடி. இவர்களுக்குக் கொஞ்சம் நீளமாக, முதுகு உயர்ந்த மவுஸ் வேண்டும்.

உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் தொட, விரல்கள் கழுகு நகம் போல வளைந்திருப்பது இரண்டாவது. வேகமான க்ளிக்குக்கு இது தோது. ஆனால் விரல் மூட்டுகளுக்கு வேலை அதிகம்.

விரல் நுனிகளால் மட்டுமே பிடித்து ஓட்டுவது மூன்றாவது. இவர்களுக்குச் சின்ன, எடை குறைந்த மவுஸ்தான் சரி.

உங்கள் பிள்ளை எப்படிப் பிடிக்கிறான் என்று அவனைக் கேட்காதீர்கள், அவனுக்கே தெரியாது. அவன் விளையாடும்போது பின்னால் நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

நீளம் எவ்வளவு வித்தியாசப்படும் என்பதற்கு ஓர் உதாரணம்: ரேசர் கம்பெனியின் ஓரோச்சி வி2 மவுஸ் 10.8 சென்டிமீட்டர், அதே கம்பெனியின் டெத்ஆடர் வி3 ப்ரோ 12.8 சென்டிமீட்டர். இரண்டும் கேமிங் மவுஸ்தான், இரண்டும் வயர்லெஸ்தான். ஒன்று ஏழாம் வகுப்புச் சிறுமியின் கைக்கு ஏற்றது என்றால், இன்னொன்று அவள் அப்பாவின் கைக்கு ஏற்றது.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வலது கைக்கென்றே வளைத்துச் செய்த மவுஸை இடது கையில் பிடிப்பது, செருப்பைக் கால் மாற்றிப் போட்ட மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருப்பதை வாங்குங்கள். பக்கவாட்டுப் பொத்தான்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்தது, ஆனால் கைக்குச் சின்னது!

கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்திருந்தார். நல்ல உயரம், கையும் பெரிது. மூன்று விரல்கள் மரத்துப்போகின்றன, நள்ளிரவில் விழிப்பு வருகிறது என்றான். ‘பிறந்த நாளைக்குன்னு ஆசையா காஸ்ட்லி மவுஸ் வாங்கிக் கொடுத்தேன் டாக்டர்’ என்று அம்மாவுக்குக் கண் கலங்கியது. அந்த மவுஸைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தேன். சூட்கேஸில் வைத்து எடுத்துப் போவதற்கென்றே செய்த குட்டி சைஸ்! அவன் கையை அளந்தேன், 19.5 சென்டிமீட்டர். கைக்குள் அடங்காத சின்னப் பொருளைப் பற்றிக்கொள்ள விரல்களை இடுக்கி, மணிக்கட்டை மேலே தூக்கி, மாதக் கணக்கில் விளையாடியிருக்கிறான். மவுஸில் கோளாறே இல்லை. இந்தக் கைக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஆரம்ப நிலை அழுத்தம் என்று வந்தது. இரவில் மணிக்கட்டு வளையாமல் இருக்கப் பட்டை, ஆறு வாரம் விளையாட்டுக்கு விடுமுறை, வெளிப்பூச்சுத் தைலம் என்று ஏற்பாடு செய்தோம். பிறகு கைக்கேற்ற மவுஸ். அதன் விலை பழையதில் பாதி! மவுஸை மாற்றியதால் மட்டுமே குணமானான் என்று சொல்லமாட்டேன். ஓய்வுக்கும் பட்டைக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் மறுபடி வலி வரவில்லை. அதுதானே முக்கியம்?

எடையும் பேட்டரியும்

ஒரு மணி நேரத்தில் மவுஸை எத்தனை தடவை நகர்த்துகிறோம், தூக்கி வைக்கிறோம்! அதனால் பத்து, இருபது கிராமும் கணக்குத்தான். லாஜிடெக் கம்பெனியின் ஜி305 என்ற மவுஸ் 2018ல் வந்தது. பேட்டரியோடு சேர்த்து 99 கிராம். அதே கம்பெனியின் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 2, 2023ல் வந்தது. எடை 60 கிராம்தான். (சிபாரிசு செய்வதற்காகச் சொல்லவில்லை, வித்தியாசம் புரியட்டும் என்பதற்காகத்தான்.)

பேட்டரியில் இரண்டு ஜாதி. ஒன்று, உள்ளேயே வைத்துப் பூட்டியது. செல்போன் மாதிரி சார்ஜ் போட வேண்டும். எடை குறைவு, விலை கூடுதல். மற்றது, கடையில் வாங்கிப் போடும் ‘டபுள் ஏ’ பேட்டரி. சாதாரண ஆல்கலைன் பேட்டரி ஒன்று சுமார் 23 கிராம்; லித்தியம் வகை சுமார் 15 கிராம். பேட்டரியை மாற்றினாலே மவுஸ் இலேசாகிவிடும்! பரீட்சை சமயத்தில் மவுஸை மூட்டை கட்டி வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒழுகி உள்ளே அரித்துவிடும்.

கலர் கலராக விளக்கு எரியும் மவுஸ் பார்க்க அழகுதான். ஆனால் விளக்கு தின்பது உங்கள் பேட்டரியை. கைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

வயர் இல்லாத வழி இரண்டு

வயர்லெஸ் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ப்ளூடூத் மூலம் இணைவது ஒரு வகை. ஆபீஸ் வேலைக்கு, பில் போடுவதற்கு இது தாராளமாகப் போதும். ஆனால் வேகமான விளையாட்டில் கை அசைந்த பிறகு திரையில் அம்பு அசையச் சற்றே தாமதிக்கும். ‘அசையலையே’ என்று பையன் மவுஸை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். வலிக்கு வழி அதுதான்!

கம்ப்யூட்டரில் சொருகும் சின்ன டாங்கிள் மூலம், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைவது இரண்டாவது வகை. விளையாட்டுக்கு இதுதான் ஏற்றது. நல்ல மவுஸ் என்றால் ஒரு விநாடிக்கு 1000 தடவை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும். சாதாரண மவுஸ் சொல்வது 125 தடவை. இப்போது 4000, 8000 தடவை சொல்லும் மவுஸ்களும் வந்திருக்கின்றன. ஆனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். வீட்டு விளையாட்டுக்கு 1000 போதுமானது.

பெட்டியில் இருக்கும் பெரிய எண்கள்

மவுஸ் பெட்டியைப் பார்த்தால் ‘டி.பி.ஐ. 12,000’, ‘25,000’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் மவுஸ் உசத்தி என்று நாமும் மயங்கிவிடுகிறோம். டி.பி.ஐ. என்றால் என்ன? மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்பு எத்தனை புள்ளி நகர்கிறது என்ற கணக்கு. சாதாரணத் திரையின் அகலம் 1920 புள்ளிகள். 800 டி.பி.ஐ. வைத்தால், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக மவுஸை 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 1600 வைத்தால் 3 சென்டிமீட்டர். 16,000 வைத்தால் வெறும் 3 மில்லிமீட்டர்! மூச்சு விட்டாலே அம்பு பறந்துவிடும். துப்பாக்கி விளையாட்டில் கைதேர்ந்தவர்கள் பலர் 400லிருந்து 1600க்குள்தான் வைத்துக்கொள்கிறார்கள். பெரிய எண்ணுக்காகப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

மவுஸ் பிறந்ததே 1964ல்தான். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் என்பவர் ஒரு மரக்கட்டைக்கு அடியில் இரண்டு சக்கரம் வைத்துச் செய்து கொடுத்தார். நான் படித்த பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1964ல்! அறுபது வருஷத்தில் மரக்கட்டை 60 கிராமாக இளைத்துவிட்டது. அதைப் பிடிக்கும் மணிக்கட்டு மட்டும் அன்றைக்கு இருந்த அதே மணிக்கட்டுதான். அதை மறக்கக் கூடாது.

வாங்கி வந்த பிறகு...

வாங்கியவுடன் விளையாட உட்காருவது, புதுச் செருப்போடு மலையேறுவது மாதிரி. அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்யுங்கள்.

1. டாங்கிளைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் சொருகி மறந்துவிடாதீர்கள். கூடவே வரும் நீட்டிப்பு வயரில் மாட்டி, மவுஸுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். பக்கத்தில் யு.எஸ்.பி. 3.0 சாதனங்கள், பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் இருந்தால் அவற்றின் இரைச்சல் இதே அலைவரிசையில் குறுக்கிடும். வைஃபை பெட்டியும் சற்றுத் தள்ளியே இருக்கட்டும். ‘மவுஸ் விட்டு விட்டு ஓடுது’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

2. விண்டோஸில் மவுஸ் செட்டிங்கிற்குப் போய் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்பதை அணைத்துவிடுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது இருந்தால், மெதுவாக நகர்த்தும்போது அம்பு ஒரு தூரமும், வேகமாக நகர்த்தும்போது வேறு தூரமும் போகும். கை எதைத்தான் பழகும்? அணைத்தால், எவ்வளவு கையோ அவ்வளவு ஓட்டம்.

3. டி.பி.ஐ.யை 800ல் ஆரம்பியுங்கள். பிறகு விளையாட்டுக்குள் இருக்கும் வேகத்தைக் குறைத்துக் கூட்டி, ஆட்டக்காரன் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸ் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். 30, 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முழங்கையும் தோளும் வேலை செய்யும். 10, 15 என்றால் மொத்தச் சுமையும் மணிக்கட்டின் தலையில்! பெரிய தசை இருக்கும்போது சின்னத் தசையை ஏன் வதைக்க வேண்டும்?

4. இதற்கு இடம் வேண்டும். அகலமான துணி மவுஸ் பேட் விரியுங்கள். கண்ணாடி மேஜையில் பல மவுஸ்கள் தடுமாறும். அடியில் இருக்கும் வழுவழுப்பான பட்டைகளில் தூசி படிந்தால் தள்ளுவதற்குப் பலம் வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

5. நாற்காலியைக் கவனியுங்கள். முழங்கை மடங்கும் உயரத்தில் மேஜை இருக்க வேண்டும். முன்கை மேஜையில் படிந்து, மணிக்கட்டு நேர்கோட்டில் இருக்கட்டும். மேஜை விளிம்பு மணிக்கட்டில் குத்தக் கூடாது. நாற்காலி தாழ்வாக இருந்தால் ஒரு தலையணை போடுங்கள், செலவில்லாத வைத்தியம்!

6. கட்டைவிரலுக்கு எல்லாப் பொத்தானையும் சுமத்தாதீர்கள். அடிக்கடி தேவைப்படுவதைக் கீபோர்டுக்கு மாற்றிவிடுங்கள். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரம் சுருக் சுருக் என்று வலித்தால், அது வேறு வகைத் தசைநாண் வீக்கம்.

கைக்குக் கொஞ்சம் கவனிப்பு

முக்கால் மணிக்கு ஒருமுறை மவுஸை விட்டுவிட்டு எழுந்திருங்கள். விரல்களை அகல விரித்து, மெல்ல மடக்கி, பத்துத் தடவை செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தூரத்தில் உள்ள மரத்தையோ மாடியையோ சற்று நேரம் பாருங்கள். கண்ணும் சேர்த்து இளைப்பாறும்.

நாள் முழுக்க உழைத்த கைக்கு இரவில் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இதமாகத் தடவலாம். நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பது நம் பாட்டிமார்கள் செய்த வைத்தியம்தான்; தசைப்பிடிப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் ஜாக்கிரதை! மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது. சர்க்கரை வியாதி உள்ளவர்களும் விரல் மரத்திருப்பவர்களும் ஒற்றடச் சூட்டை மற்றக் கையில் சோதித்துப் பார்க்காமல் வைக்கவே கூடாது. வெந்து போகும். வலிக்கிற மணிக்கட்டை யாரிடமாவது காட்டி ‘சொடுக்கு’ எடுப்பதும் வேண்டாம்.

எண்ணெயும் ஒற்றடமும் அசதிக்குத்தான். நசுங்கும் நரம்புக்கு அது மட்டும் போதாது. இரவில் விரல் மரத்து விழிப்பு வருகிறதா? டம்ளர், பேனா கை நழுவுகிறதா? சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறதா? கட்டைவிரலின் அடிச் சதை மற்றக் கையைவிட வற்றியிருக்கிறதா? சுண்டுவிரல் பக்கமாக மரத்தால் முழங்கை நரம்பையும் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியர் என்றாலும் சரி, ஆங்கில மருத்துவர் என்றாலும் சரி, சீக்கிரம் என்பதுதான் முக்கியம். தொடக்கத்தில் ஓய்வும் பட்டையும் போதும். சதை வற்றிய பிறகு வந்தால், இழந்த பலம் முழுவதும் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கடைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆச்சரியமாக வாங்கித் தருகிறேன் என்று தனியாகப் போகாதீர்கள். மவுஸை அவன் கையில் கொடுத்து ஐந்து நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். விரல்கள் தளர்வாகப் பொத்தான் மேல் விழுகின்றனவா, மணிக்கட்டு நேராக இருக்கிறதா, கையின் அடிப்பக்கம் அந்தரத்தில் தொங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால், பிறகு விலையைக் கேளுங்கள். தபாலில் வரவழைப்பதானால், அளவு சரியில்லாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

செருப்பு வாங்கும்போது காலை நுழைத்துப் பார்க்காமல் வாங்குவோமா? காலுக்குக் கொடுக்கும் அந்த மரியாதையைக் கைக்கும் கொடுங்கள். மவுஸ் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கையை எந்தக் கடையில் வாங்குவது?